வள்ளியூரில் செவ்வாய் நேரம்

கிருபாகரன் வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில் சார். காலை பிரேயருக்கு அவர் ஊதும் விசிலைக் கேட்டுத்தான் எதிரே இருந்த டீக்கடைக்காரர் கடிகாரத்தைத் திருத்துவார் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த வேலையில் நாள் என்பதே இருபத்து நான்கு மணி நேரம் கிடையாது.

சுகிர்தா எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு பாலிடெக்னிக்கில் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பணகுடி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே ‘செந்தரை’ என்ற நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் கட்டியிருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் பனிக்கட்டி தேடித் தோண்டும் வண்டிகளை இங்கிருந்து ஓட்டுவார்கள். சுகிர்தாவுக்கு ஏழாம் எண் வண்டி என்று முடிவாயிற்று. வேலையில் சேருமுன் கணவன் மனைவி இரண்டு பேரையும் நிலையத்தின் மருத்துவர் வேதவல்லி கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"செவ்வாயில ஒரு நாள், நம்ம நாளைவிட ஏறக்குறைய நாப்பது நிமிஷம் நீளம்" என்றார் வேதவல்லி. "வண்டிக்கு அங்க விடிஞ்சாத்தான் வேலை. அதனால இங்க ஓட்டுறவங்க தினமும் நாப்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வரணும்."

"இது ஒரு கஷ்டமா?" என்றார் கிருபாகரன். "தினமும் நாப்பது நிமிஷம் கூடத் தூங்கலாம்."

"முதல்ல வந்தவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. தள்ளித் தள்ளிப் போனா ரெண்டு மூணு வாரத்துல ராத்திரி பகலாயிடும். உடம்பு ஒத்துக்கலை. ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல இறக்கிட்டார். இன்னும் அங்கதான் கிடக்கு."

"பழகினா சரியாப் போகாதா?"

வேதவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சார், உங்க பள்ளிக்கூடத்துல மணி அடிக்கச் சொல்றது யார்?"

"பேருக்கு ஹெட்மாஸ்டர். உண்மையில நான்."

"நம்ம எல்லாருடைய மூளைக்குள்ளேயும் ஒரு ஹெட்மாஸ்டர் இருக்கார். அரிசியைவிடச் சின்னவர். கண்ணுல விழற வெளிச்சத்தைப் பார்த்து மணி அடிப்பார். ஈரல், குடல், ரத்தம் எல்லாம் அந்த மணிக்குத்தான் வேலை மாறும். இருட்டினா தூக்கத்துக்கான சுரப்பியைத் திறக்கச் சொல்வார். விடியறதுக்கு முன்னாடியே உடம்பைச் சூடாக்கச் சொல்வார். அவருக்குச் சூரியன் சொல்றதுதான் சட்டம். கம்பெனி நிர்வாகம் சொன்னாக் கேக்க மாட்டார்."

"நல்ல ஹெட்மாஸ்டர்" என்றார் கிருபாகரன் மரியாதையோடு.

"அவரைத்தான் செவ்வாய்க்கு ட்ரான்ஸ்ஃபர் பண்றோம். மாசம் ஒரு ஊசி. அவருடைய நாள் நாப்பது நிமிஷம் நீண்டுடும். ஊசியை நிறுத்தினா சில வாரத்துல பழைய இடத்துக்கே வந்துடுவார்."

"ட்ரான்ஸ்ஃபர்ல போன எந்த ஹெட்மாஸ்டரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல டாக்டர்."

சுகிர்தா அவர் முழங்கையைத் தட்டினாள். "நான் போட்டுக்கிடுதேன்" என்றாள்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. சுகிர்தாவுக்குத் தலைவலி இல்லை, வயிற்றுக் கோளாறு இல்லை. ஊரோடுதான் ஒத்துப்போகவில்லை. ஒரு வாரம் காலையில் இட்லி சாப்பிட்டாள், அடுத்த வாரம் அதே இட்லியை மத்தியானம் சாப்பிட்டாள், பிறகு சாயங்காலம். வீட்டுச் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை வந்தது. அவள் உடம்பு சூரியனைக் கண்டு குழம்பிவிடக் கூடாது என்று வெளியே போகும்போது பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காய்கறிக் கடையில் அதைப் பார்த்து, "அக்கா, சினிமாவுல சேர்ந்துட்டியளா?" என்று கேட்டார்கள்.

ஒரு மாதத்துக்குச் சற்று மேலானால் சுகிர்தாவின் நாள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி வள்ளியூர் நாளோடு வந்து சேரும். அந்த வாரத்துக்குக் கிருபாகரன் பௌர்ணமி என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து சண்டை போட்டுக்கொள்ளும் வாரம் அது. அதற்கு நேரெதிர் வாரம் அமாவாசை. அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் நடுத்தூக்கத்தில் இருப்பாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்து, தோசை ஊற்றும் சத்தம்கூடக் கேட்காமல் தோசை ஊற்றக் கற்றுக்கொண்டார்.

கிருபாகரனின் அக்கா ரூபி மட்டும் இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ரூபி பக்கத்துத் தெருதான். அவள் மகன் நிச்சயதார்த்தத்தன்று, சுகிர்தாவுக்குச் செவ்வாயில் நள்ளிரவு. முன்வரிசையில் மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பெண் வீட்டார் தாம்பாளத்தை அவள் கையிலிருந்து மெல்ல உருவி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. போட்டோவில் எல்லோரும் சிரிக்க, சுகிர்தா வாயைத் திறந்துகொண்டு இருந்தாள்.

"சம்பந்தி வீட்டுல எனக்கு மானம் போயிட்டு" என்றாள் ரூபி. "என்ன வேலையோ இது. மனுசனாப் பொறந்தா விடிஞ்சதும் எந்திரிக்கணும். அது இல்லாம என்ன பொழப்பு?"

"மதினி, நான் எந்திரிக்கும்போதுதான் எனக்கு விடியுது" என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். ரூபி காதில் வாங்கவில்லை.

ஆனால் சுகிர்தாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏழாம் எண் வண்டியின் கேமரா ஒவ்வொரு காலையும் கண் திறக்கும்போது, அந்த ஊர்ச் சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும். மற்ற இடமெல்லாம் செம்மண் நிறம். அதைப் பார்க்கும்போது அவள் உடம்பும் அப்போதுதான் துயில் கலைந்து லேசாக இருக்கும். இரண்டு உலகத்திலும் தனக்கு மட்டுமே விடிவதுபோல ஒரு சந்தோஷம். இதை அவள் கிருபாகரனிடம் ஒரு பௌர்ணமி வாரத்தில் சொன்னாள். அவர் அவளுக்கு இன்னொரு தோசை வைத்தார்.

அடுத்த வருடம் சுகிர்தா கர்ப்பமானாள். அது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. செவ்வாய்க் கணக்குக்கும் நாள்காட்டிக்கும் இடையில் மாதத்துக்கு ஒரு நாள் காணாமல் போய்க்கொண்டிருந்ததால் அவள் தள்ளிப்போனதைக் கவனிக்கவில்லை. தெரிந்த அன்றே வேதவல்லி ஊசியை நிறுத்தினார். சுகிர்தா ஏழாம் எண் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, படங்களை ஆராயும் பிரிவில் பகல் வேலைக்கு மாறினாள். வேதவல்லி சொன்னபடியே சில வாரத்தில் அவள் உடம்பு வள்ளியூருக்குத் திரும்பிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. ஜெமிமா என்று பெயர் வைத்தார்கள்.

ஞானஸ்நானத்தன்று ஜெமிமா தூங்கிக்கொண்டிருந்தாள். போதகர் அவள் தலையில் தண்ணீர் விட்டார். அசையவில்லை. இரண்டாம் தடவை விட்டார். மூன்றாம் தடவை விட்டதும் அவள் ஒரு சின்னக் குறட்டை விட்டாள். கோயிலில் பின்வரிசை வரை சிரிப்புப் போயிற்று. போதகரும் சிரித்துவிட்டு ஜெபத்தை முடித்தார்.

பச்சைக் குழந்தைக்கு ராத்திரி பகல் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதத்தில் சரியாகும் என்றார்கள். ஆறு மாதம் ஆயிற்று, தவழ ஆரம்பித்தாள், பல் முளைத்தது. சில நாள் காலையில் சமர்த்தாக எழுவாள். எல்லோரும் சரியாகிவிட்டது என்று மூச்சு விடுவார்கள். அடுத்த வாரம் மத்தியானம்தான் எழுவாள்.

ஒரு நாள் வேலையில் சுகிர்தா ஏழாம் எண் வண்டியின் விடியல் படத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டில் இருந்த கிருபாகரன் போனில் கூப்பிட்டார். "உன் மக இப்பத்தான் எந்திரிச்சா" என்றார். மறுநாளும் விடியல் படம் வந்த நேரத்தில்தான் போன் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சுகிர்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த நீல வெளிச்சத்தையே பார்த்தாள். மகளுக்கும் செவ்வாய் நேரத்தில்தான் விடிகிறது.

ஊருக்குத் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. சுகிர்தாவைப் பார்க்கும்போது சிலர் பேச்சை நிறுத்தினார்கள். ரூபி நிறுத்தவில்லை.

"நீ செவ்வாய்க்கு வேலைக்குப் போனே. வயித்துப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டே. இப்ப அது அங்கேயே இருக்கு" என்றாள் ரூபி. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எந்த டீச்சர் இதுக்காக மத்தியானம் வருகை எடுப்பா?"

சுகிர்தாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டுக்கொண்டதைவிட, அந்த வேலையை அவ்வளவு ஆசையாகச் செய்ததுதான் இப்போது உறுத்தியது.

நிறுவனத்தின் மேலாளர் வீட்டுக்கே வந்தார். வியர்த்துக்கொண்டே பேசினார். எதிர் ஊசி ஒன்று இருக்கிறது; நாளைக் குறுக்கிவிடும்; செலவெல்லாம் நிறுவனத்தினுடையது; ஆனால் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்றார்.

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் போட்டுப் பாத்திருக்கியளா?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஜெமிமாதான் முதல்" என்றார் மேலாளர். அதைப் பெருமையாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை வந்தது. "போட்டுரலாம் சுகி" என்றார் கிருபாகரன். "நேரத்துக்கு எந்திரிக்காத பிள்ளையை இந்த உலகம் சும்மா விடாது. நானே விட மாட்டேன். லேட்டா வந்த எத்தனை பிள்ளையளை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருக்கேன் தெரியுமா?"

"அதுக்காக ஆயுசு பூராவும் ஊசியா? அவளுக்கு ஒரு நோவும் இல்ல. நல்லாச் சாப்பிடுதா, நல்லாத் தூங்குதா, நல்லாச் சிரிக்கா."

"நேரம் தப்பிச் சிரிக்கா."

"சிரிப்புக்கு என்ன நேரம்?" என்று கேட்டுவிட்டு சுகிர்தா அழுதாள்.

வேதவல்லிதான் வழி சொன்னார். எதிர் ஊசி போடுவதற்கு முன் இது ஊசியால் வந்ததா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். சுகிர்தாவை வேலைக்குச் சேருமுன்பே பரிசோதித்திருந்தார்கள்; அவள் கடிகாரம் சரியாக இருந்தது. அப்பாவுடையதையும் பார்த்துவிட்டால் ஒப்பிடலாம். நிலையத்தில் சன்னல் இல்லாத அறை ஒன்று இருந்தது. உள்ளே மங்கலான விளக்கு மட்டும். கடிகாரம், போன், செய்தித்தாள் எதுவும் கிடையாது. இரண்டு வாரம் இஷ்டப்பட்ட நேரத்தில் தூங்கி இஷ்டப்பட்ட நேரத்தில் எழ வேண்டும். சூரியன் இல்லாதபோது உள்ளிருக்கும் ஹெட்மாஸ்டர் தானாக எப்படி மணி அடிக்கிறார் என்று பார்ப்பார்கள்.

"ஒழுங்கான கடிகாரம் எப்படி இருக்கும்னு உங்களுக்குக் காட்டுதேன்" என்றார் கிருபாகரன். காலாண்டு விடுமுறையோடு விடுப்பும் சேர்த்துக்கொண்டு, இரண்டு டிராக் சூட்டோடு உள்ளே போனார்.

வெளியே வரும் நாளை அவரே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தன் கணக்கில் கடைசி நாள் விடிந்ததும் கதவைத் தட்டுவார். சுகிர்தா ஜெமிமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேன்டீனில் காத்திருந்தாள். ஊழியர்கள் சாப்பாட்டை முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்த நேரம். வெளியே காற்றாலை இறக்கைகள் வெயிலில் மின்னின. கதவு திறந்தது. கிருபாகரன் டிராக் சூட்டில், முகம் கழுவி, தலை வாரி, விரைப்பாக வந்து நின்றார்.

"குட் மார்னிங்" என்றார் எல்லோரையும் பார்த்து.

ஒருவர் மோர் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். கிருபாகரன் சன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார். பிறகு தட்டுகளைப் பார்த்தார்.

"காலையிலேயே சோறும் சாம்பாருமா?" என்று கேட்டார்.

வேதவல்லி அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். சுகிர்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், ஜெமிமாவோட கடிகாரம் ஊசியால வந்தது இல்ல. உங்ககிட்டேயிருந்து வந்தது. உங்க நாளும் நம்ம நாளைவிட நீளம். ஏறக்குறைய செவ்வாய் நாள்தான். நீங்க பிறவியிலேயே அப்படி."

"நான் ஒரு நாள்கூட லேட்டா எந்திரிச்சது கிடையாது டாக்டர். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"எப்படி எந்திரிக்கிறீங்க?"

"எல்லாரும் எந்திரிக்கிற மாதிரித்தான்."

"அதைத்தான் கேக்கிறேன். சொல்லுங்க."

கிருபாகரன் யோசித்தார். "அலாரம் அடிக்கும். எந்திரிச்சுப் போயித்தான் நிறுத்த முடியும், சமையல்கட்டுல வச்சிருப்பேன். அப்போ கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். காலு ரெண்டும் எனக்குச் சொந்தம் இல்லாத மாதிரி இருக்கும். பல்லைக் கடிச்சிட்டு, பச்சைத் தண்ணியைத் தலையில ஊத்திட்டு மைதானத்துக்கு ஓடிருவேன். சூரியன் ஏறுறதைப் பாத்தாத்தான் உடம்பு கொஞ்சம் கேக்கும். மழைக்காலத்துல நாலு நாள் வெயில் இல்லன்னா மறுபடி சரியாக ஒரு வாரம் ஆகும். ஞாயித்துக்கிழமைகூட விட முடியாது, விட்டா எல்லாம் போச்சு." வேதவல்லியைப் பார்த்தார். "அதானே ஒழுக்கம்? எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்ல சார்" என்றார் வேதவல்லி. "மத்தவங்களுக்கு அப்படி இருக்காது."

சுகிர்தா அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் விழிக்கும்போதெல்லாம் அவர் குளித்து, துடைத்து, விசிலை மாட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு முன் அவர் தினமும் என்ன பாடுபட்டார் என்று அவள் பார்த்ததே இல்லை. அவருக்கே அது பாடு என்று இப்போதுதான் தெரிகிறது.

"தினமும் வெயில்ல நின்னு அந்த ஹெட்மாஸ்டரைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார் வேதவல்லி. "ஜெமிமாவை யாரும் இழுக்கலை. உங்க வீட்டுல கறுப்புத் திரையை இன்னும் கழட்டலைன்னு சுகிர்தா சொன்னாங்க. ஊசி வேண்டாம். திரையை எடுங்க. விடியக்காலையில தோள்ல போட்டு மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. வந்துடுவா. கொஞ்சம் சிரமப்பட்டு வருவா."

கிருபாகரன் ஜெமிமாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் மூக்கைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் அப்போது விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது; இரண்டு பேரும் ஒரே மாதிரி சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

"லேட்டா வந்த பிள்ளையள்ல எத்தனை பேரு இப்படியோ" என்றார் மெதுவாக. "சோம்பேறின்னு நெனச்சுல்லா ஓட விட்டேன்."

மேலாளர் செய்தி கேட்டு ஓடி வந்தார். நிறுவனத்தின் மேல் பழி இல்லை என்றதில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேக் வாங்கி வந்திருந்தார். அதோடு, ஊசியே இல்லாமல் செவ்வாய் நேரத்தில் வாழக்கூடிய ஆட்கள் நாட்டில் எளிதில் கிடைக்கமாட்டார்கள் என்றும், சார் ஒரு வார்த்தை சொன்னால் நாளையே ஒரு வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

"வாய்ப்பில்ல" என்றார் கிருபாகரன். "பள்ளிக்கூடத்துல விசில் ஊத ஆள் வேணும்."

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து விடியும்போது ஜெமிமாவும் மைதானத்துக்கு வந்தாள். முதல் சில நாள் அவர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். ஒரு மாதத்தில் புல்லில் உட்கார்ந்து கைதட்டினாள். பள்ளிக்கூடத்தில் விசில் சார் மாறிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். லேட்டாக வந்த பிள்ளைகளை ஓட விடாமல், வெயிலில் பெஞ்சு போட்டுத் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "ராத்திரி எப்பத் தூக்கம் வந்துச்சு?" என்று விசாரித்தார். பிள்ளைகளுக்கு ஓடுவதே மேல் என்று தோன்றியது.

ரூபியிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. தம்பியால் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டாள் என்று கிருபாகரன் சொன்னார். ஆனால் வள்ளியூரில் ஒரு செய்தி தெருவைத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. அதன் பிறகு ரூபி சுகிர்தாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். வீட்டுக்கும் வரவில்லை.

முழுப்பரீட்சை முடிந்து கோடை விடுமுறை வந்தது. கடைசி நாள் சாயங்காலம் சுகிர்தா சமையல்கட்டிலிருந்த அலாரத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தாரேன்" என்றாள். கிருபாகரன் சண்டைக்கு வந்தார். மறுநாள் எழுந்தபோது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கண்ணில் மண் இல்லை என்று சொன்னார். அதன் பிறகு சாவியைக் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனார்கள். சுகிர்தா காலையில் வேலைக்குப் போய்விட்டு வந்து அவர்களை எந்த வேளையில் பிடிக்க முடியுமோ அந்த வேளையில் பிடித்தாள்.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரூபி ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு மாதம் கழித்து வந்ததால், உள்ளே வருவதா என்று தயங்கினாள். சுகிர்தா பையை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி எங்கே?"

சுகிர்தா அறைக்கதவை லேசாகத் திறந்து காட்டினாள். மின்விசிறிக்கு அடியில் கிருபாகரன் மல்லாந்து கிடந்தார். ஜெமிமா அவர் வயிற்றில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு பேருடைய வாயும் திறந்திருந்தது.

"மேலுக்குச் சரியில்லையா?" என்று ரூபி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நல்லா இருக்காவ மதினி. லீவுக்கு ரெண்டு பேரும் அவங்க ஊருக்குப் போயிருக்காவ."

ரூபிக்குச் சிரிப்பு வரும் என்று சுகிர்தா எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்று தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம வீட்டுல நானும் அவனும் ஒரே வார்ப்புன்னு அம்மா சொல்லுவா" என்றாள் ரூபி. "எனக்கும் காலையில அப்படித்தான் இருக்கும் சுகிர்தா. கண்ணுல மண்ணைப் போட்ட மாதிரி. அடுப்பைப் பிடிச்சிட்டுத்தான் நிப்பேன். சொன்னாச் சோம்பேறின்னு சொல்லிருவாவளோன்னு, கட்டிக்கொடுத்த நாள்ல இருந்து ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல."

சுகிர்தா மாம்பழப் பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு பாயையும் தலையணையையும் எடுத்துவந்து, கூடத்தில் காற்று வருகிற பக்கமாக விரித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு தேடுவாவளே" என்றாள் ரூபி.

"தேடினா நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் சுகிர்தா. ரூபி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.